ஒன்பது தட்டுச் சீர்

ஏனுங் தம்பி, அந்தப் பொட்டலத்தை மடியிலயே வெச்சுக்கிட்டு வர்றீங்களே, மேல வைங்களேன். ஒடையற சாமானா? ஓ, கடிகாரம். யாருக்குங்க? மச்சினன் புதுவீடு புகறாரா. நல்லது, நல்லது. என்ன வேணும்னு அவரையே கேட்டு வாங்கினீங்களா? கேட்டுத்தான் வாங்கினீங்களா? அடப் போங்க தம்பி. கேட்டு வாங்கிக் குடுத்தா அது சாமானுங்க. கேக்காம, நம்மளா ரோசனை பண்ணி, இன்ன வீட்டுக்கு இன்னது செஞ்சாத் தகும்னு செஞ்சாத்தான் அது சீர்.

கோவிச்சுக்காதீங்க. காலைலதான் அமெரிக்காவுல இருந்து வந்து எறங்கினன். தூக்கமும் இல்ல, ஒன்னும் இல்ல. யாருகிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுப் போயிரும் போல இருக்குது. நான் ஈரோட்டுல எறங்கணும். அதுவரைக்கும் கேளுங்க. தூக்கம் வந்தாத் தூங்கிக்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கறன்.

என்ற பேரு சென்னியப்பன். காங்கேயத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கன். தேங்காயை ஒடைச்சு, காயப்போட்டு, எண்ணெய் மில்லுக்குக் குடுக்கற சோலி. எனக்கு ஒரே மக, தாரணின்னு. அங்க படிக்கப் போனா, அங்கயே வேலைக்குப் போனா, அங்கயே கலியாணமும் பண்ணிக்கிட்டா. எங்களுக்கு அப்ப விசா கெடைக்கல. கலியாணத்தைப் போன்ல பார்த்தமுங்க. நானும் என்ற ஊட்டுக்காரி சம்பூரணமும் கட்டல்ல உக்காந்துக்கிட்டு, போனை சொம்பு மேல சாத்தி வெச்சுப் பார்த்தம். பாதியில சார்ஜ் போயிருச்சு. ஊர்ல எத்தனை வீட்டுக் கலியாணத்துக்கு முன்னால நின்னு சீர்த்தட்டு எடுத்தவன் நான். என்ற புள்ளைக்கு ஒரு தட்டு எடுக்க முடியல.

மாப்பிள்ளை பேரு யோனா. யூதருங்க. தங்கமான பையன், கொறை சொல்ல முடியாது. சொல்ல முடியலைங்கறதுதான் இன்னும் எரிச்சலா இருக்குது. அவனுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டும், நவோமின்னு, வாத்தியாரா இருந்து ஓய்வானவங்க. எல்லாரும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க. என்ற மக மாமியாரைப் பேரு சொல்லிக் கூப்பிடறாளுங்க தம்பி. 'நவோமி, இங்க வாங்க'ங்கறா. அந்தம்மாவும் சிரிச்சுக்கிட்டே வருது.

இப்ப தாரணிக்கு ஏழு மாசம். மாசி மாசம் போன் பண்ணினா. 'அப்பா, விசா வந்துருச்சில்ல, நீங்களும் அம்மாவும் பாஸோவருக்கே வந்துருங்க'ன்னா. அது அவங்களுக்குப் பெரிய பண்டிகை. அந்தக் காலத்துல எகிப்து ராசாகிட்ட அடிமையா இருந்தாங்களாம், ராத்திரியோட ராத்திரியா விடுதலையாகிக் கெளம்பினாங்களாம். மாவு புளிக்கக்கூட நேரமில்லாம அப்படியே சுட்டு எடுத்துக்கிட்டு ஓடினாங்களாம். அதனால எட்டு நாளைக்கு ரொட்டி, மாவுப் பண்டம் ஒன்னும் வீட்டுல இருக்கக் கூடாது. நவோமியம்மா வழியில அரிசி பருப்புகூட ஆகாதாம். இதையெல்லாம் சொல்லிப்போட்டு, 'அப்பா, நீங்க ஒன்னும் கொண்டு வராதீங்க. நீங்களும் அம்மாவும் வந்து, எனக்குப் புள்ள பொறக்கற வரைக்கும் கூட இருங்க. அது போதும்'னா.

சரி கண்ணுன்னன்.

நீங்களே சொல்லுங்க தம்பி. நம்ம பக்கத்துல எவன் 'கொண்டு வாங்க'ன்னு சொல்லுவான்? 'ஒன்னும் வேண்டாமுங்க, நீங்க வந்தாலே போதும்'னுதான் சொல்லுவாங்க. அது மரியாதைக்குச் சொல்றது. அதை நெசம்னு நம்பி வெறுங்கையை வீசிக்கிட்டுப் போய் நின்னமுன்னு வைங்க, காலத்துக்கும் பேசுவாங்க. அதுவும் தலைப் பண்டிகை. கலியாணச் சீரும் பாக்கி, வளைகாப்புச் சீரும் பாக்கி. எல்லாத்தையும் சேர்த்து ஒரே சீரா செஞ்சுபோடலாம்னு முடிவு பண்ணினன்.

ரோசனை பண்ணாம செய்யலீங்க. படுத்தா அதே ரோசனைதான். பொடவையா? அந்தம்மா கட்டாது. வெள்ளிச் சொம்பா? அங்க அதை வெச்சு என்ன பண்ணும்? அப்பத்தான் தோணுச்சு. எட்டு நாளைக்கு வாய்க்கு ருசியா ஒன்னும் இல்லாமக் கெடக்கப் போறாங்க, பாவம். ரொட்டிதானே ஆகாது? பலகாரம் ரொட்டியா? நம்ம பலகாரம் கொண்டு போய் எறக்கினா எவ்வளவு சந்தோசப்படுவாங்க? சமையக்காரரை வரச்சொல்லி, களத்துலயே அடுப்புப் போட்டு, கச்சாயம், முறுக்கு, அதிரசம், பாதுஷா, கோதுமை அல்வா, ரவா உருண்டைன்னு ஒன்பது தட்டுக்கு ஒன்பது வகை. தட்டுகூட புதுசு. நல்ல கனமான எவர்சில்வர்த் தாம்பாளம்.

சம்பூரணம் அப்பவே ஆரம்பிச்சா. 'ஏனுங் மாமா, அவங்களுக்கு எது தேவைன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களே'ன்னு. 'நீ சும்மா இரு'ன்னன். சும்மா இருக்கல அவ. எனக்குத் தெரியாம மககிட்டப் பேசியிருக்கறா. அந்தப் பண்டிகையில எல்லாரும் எடது பக்கமா சாஞ்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். அடிமைதான் வெறப்பா உக்காரணும், விடுதலையானவன் ராசாவாட்டம் சாஞ்சுக்கலாம்னு ஒரு கணக்கு. அதுக்குத் தலகாணி வேணும். நவோமியம்மா வீட்டுத் தலகாணி உறையெல்லாம் பழசாகிப் போச்சுன்னு மக சொல்லியிருக்கறா. இவ என்ன பண்ணினா? தன்னோட பழைய சுங்குடிப் பொடவை நாலைக் கிழிச்சு, தலகாணி உறை தெச்சு, பொட்டியோட அடியில போட்டுக்கிட்டா. பழைய பொடவைங்க தம்பி. எனக்குத் தெரிஞ்சிருந்தா அங்கயே எடுத்து எறிஞ்சிருப்பன்.

போய்ச் சேர்ந்தம். பண்டிகைக்கு முந்தின நாள். வீடுன்னா வீடு, அப்படியொரு சுத்தம். நாமளும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறம், இல்லைங்கல. இது வேற மாதிரி. அடுப்பைக் கழட்டிக் கழுவியிருக்குது. டிராயரையெல்லாம் கவுத்துத் தட்டியிருக்குது. கோட்டுப் பாக்கெட்டை எல்லாம் வெளிய இழுத்து உதறி வெச்சிருக்குது. பாக்கெட்டுல ரொட்டித்தூள் இருந்தாக்கூட ஆகாதாம். மூணு வாரமா இதே சோலின்னு மாப்பிள்ளை சொல்லிச் சிரிச்சான். நான் பொட்டியைத் தொறந்தன்.

தாரணி, 'அப்பா, இருங்க, இருங்கப்பா'ன்னா. கூச்சப்படறான்னு நெனச்சன். ஒன்பது தட்டையும் அந்தச் சாப்பாட்டு மேசை மேல பரப்பினன். தேங்காய், மஞ்சள், வெத்தலை எல்லாம் வெச்சு. விமானத்துல அடிபட்டுதோ என்னமோ, ஒரு பாதுஷா உதிர்ந்து மேசையிலயும் கீழயும் கொட்டுச்சு. கொட்டினா என்னங்க? தொடைச்சாப் போச்சு. அந்தம்மா அந்தத் தூளையே பார்த்துக்கிட்டு நின்னுது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, 'சம்பந்தியம்மா, சீரை வாங்கிக்கணும்'னன். தாரணி அதை இங்கிலீசுல சொன்னா. சொல்லறப்பவே அவ கண்ணு கலங்கிப் போச்சு. பொறந்த வீட்டுச் சீரைப் பார்த்தா எந்தப் பொண்ணுக்கும் கலங்கத்தானே செய்யும்?

அந்தம்மா சிரிச்சுது. ஒவ்வொரு தட்டா கையில எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்த்துது. சாப்பிடல. ஒரு துணுக்குக்கூட வாயில வெக்கல. மோந்து பார்த்துது, 'இது பேரென்ன, இதுல என்ன சேர்ப்பீங்க'ன்னு கேட்டுது, அப்புறம் அடுத்த தட்டு. ஒன்பதையும் அப்படியே பார்த்துட்டு, ஒவ்வொன்னா தூக்கிக்கிட்டுப் போய் வெளிய கார் நிறுத்தற எடத்துல ஒரு அலமாரி இருக்குது, அதுல வெச்சு மூடிருச்சு. அதுல என்ன இருக்குது தெரியுங்களா? பழைய ரொட்டி, பிஸ்கட்டு, சாராய பாட்டில். நான் கண்ணால பார்த்தன். என்ற சீர் விஸ்கி பாட்டில் பக்கத்துல.

அது முடிஞ்சு அந்தம்மா மண்டி போட்டு உக்காந்து தரையைத் தொடைக்க ஆரம்பிச்சுது. மறுபடியும் முதல்ல இருந்து, சமையல்கட்டு முழுக்க. தாரணியும் வயித்தைத் தூக்கிக்கிட்டுக் கூடவே மண்டி போட்டா. 'எந்திரி கண்ணு, இந்த நேரத்துல குனியக் கூடாது'ன்னன். என்னை நிமிந்துகூடப் பார்க்கல. என்ன வளர்ப்போ.

இதெல்லாம் பரவால்லீங்க. பொறுத்துக்கிட்டன். மறுநாள் காலைல நடந்ததுதான் பொறுக்க முடியல.

காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கறன். நவோமியம்மா வந்து எதிர்ல உக்காந்துது, தாரணியைக் கூப்பிட்டுப் பக்கத்துல வெச்சுக்கிட்டுது. என்னமோ சொல்லுச்சு. தாரணி சொன்னா, 'அப்பா, பண்டிகை நாள்ல இந்த மாதிரிப் பண்டமெல்லாம் யூதருங்களுக்குச் சொந்தமா இருக்கவே கூடாதுங்கப்பா. தூக்கிப் போடணும், இல்லைன்னா வேற மதத்துக்காரங்களுக்கு வித்துப்போடணும். எப்பவும் இவங்க குருகிட்டச் சொல்லி யாருக்கோ விப்பாங்க. இந்தத் தடவை உங்களுக்கு விக்கணும்னு நவோமி ஆசைப்படறாங்க. அந்த அலமாரியில இருக்கறது பூராவும் நீங்க வாங்கிக்கணும். பேருக்கு ஏதாவது குடுத்தாப் போதும். எட்டு நாள் கழிச்சு அவங்களே உங்ககிட்ட இருந்து திரும்ப வாங்கிக்குவாங்க'ன்னு.

அலமாரிச் சாவியை அந்தம்மா மேசை மேல, எனக்கு முன்னால வெச்சுது.

புரியுதுங்களா தம்பி? நான் குடுத்த சீரை, எனக்கே விலைக்கு விக்குது. சீரைத் தொடாமத் திருப்பி அனுப்பினவங்க உண்டு, அதுக்காகப் பத்து வருசம் பேசாம இருந்த குடும்பமும் உண்டு. வித்தவங்க உண்டுங்களா? நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? எனக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது. 'இதுக்கு மூஞ்சியிலயே அடிச்சிருக்கலாம்னு சொல்லு கண்ணு'ன்னன். தாரணி அதைச் சொல்லல. அந்தம்மாவுக்கு என்ற மூஞ்சியைப் பார்த்தே புரிஞ்சிருக்கும். சாவியை எடுக்கலாமா வேண்டாமான்னு கையை நீட்டி நீட்டி இழுத்துக்கிட்டுது.

அப்ப சம்பூரணம் என்ன பண்ணினா? பேசாம எந்திரிச்சா. சுருக்குப் பையில இருந்து ஒரு ரூவா நாணயம், நம்மூரு நாணயம், அதை எடுத்து நவோமியம்மா உள்ளங்கையில வெச்சா. சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. அந்தம்மா எந்திரிச்சு இவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுது. ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒரு வார்த்தை பொதுவா இல்ல. என்ன கட்டிப் புடிக்கறது? முப்பத்தஞ்சு வருசம் என்ற பேச்சைத் தட்டாதவ. அமெரிக்காத் தண்ணி ரெண்டு நாள்ல அப்படிப் பண்ணிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் விருந்து. நான் தலைவலின்னு மாடியில படுத்துக்கிட்டன். கீழ ஒரே பாட்டும் படிப்புமா இருக்குது. தண்ணி குடிக்கலாம்னு படியில பாதி எறங்கிப் பார்த்தன். மேசையைச் சுத்தி எல்லாரும் எடது பக்கமா சாஞ்சிருக்காங்க. எல்லார் முதுகுக்கும் சம்பூரணத்தோட சுங்குடிப் பொடவை. நவோமியம்மா பக்கத்துல, விருந்துக்கு வந்திருந்த ஒரு வயசானம்மா அந்த உறையைத் தடவித் தடவிப் பார்க்குது. என்ற புள்ள முதுகுக்கு ரெண்டு தலகாணி. சம்பூரணமும் ராசாத்தியாட்டம் சாஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. என்ற ஒன்பது தட்டு வெளிய சாராயத்தோட நிக்குது, பழைய பொடவை நடு வீட்டுல உக்காந்திருக்குது. தண்ணி குடிக்காமயே மேல போயிட்டன்.

தாரணி ஒரு தட்டுல சாப்பாடு எடுத்துக்கிட்டு மேல வந்தா. மூச்சு வாங்குது அவளுக்கு. அவங்க ரொட்டி, அதான் புளிக்காத ரொட்டி, நம்ம அப்பளத்தைச் சதுரமா வெட்டினாப்பல இருக்குது. உப்பும் இல்ல, ஒன்னும் இல்ல. கட்டல்ல உக்காந்து, 'கீழ வாங்கப்பா'ன்னா.

'அந்தம்மா என்ற சீரைக் கையால வாங்கி வீட்டுக்குள்ள வெக்கட்டும், வர்றன்'னன்.

'வாங்கினாங்களேப்பா.'

'வாங்கி வித்துப்போட்டாங்க.'

'குப்பையில போட்டிருக்கணுங்கப்பா. அதுதான் அவங்க சட்டம். அப்பா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்ததைப் போட மனசு வரலைன்னுதான் நவோமி இப்படிப் பண்ணினாங்க. யாரோ ஒருத்தர்கிட்டக் குடுக்காம உங்ககிட்டயே இருக்கட்டும்னாங்க.'

'எனக்குச் சட்டம் தெரியாது கண்ணு. மொறை தெரியும்.'

அவ தட்டுல இருந்த ரொட்டியை ஒடைச்சு ஒடைச்சுத் தட்டுலயே போட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம், 'எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா'ன்னா. எதுக்குப் பயம்? நல்ல டாக்டர், நல்ல ஆஸ்பத்திரி, புருசன் கையிலயே தாங்கறான். அதைத்தான் சொன்னன். 'பயப்படறதுக்கு என்ன இருக்குது, தைரியமா இரு'ன்னன். வேற என்னங்க சொல்லறது? அவ தட்டை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டா.

மறுநாள் சம்பூரணத்துகிட்டச் சாவியைக் கேட்டன். 'சீரை எடு, கெளம்பலாம்'னன். அவ சொல்றா, 'அது இப்ப என்றதுங்க மாமா. நான் வாங்கியாச்சு. அவங்க திரும்பக் கேக்கறப்ப அவங்களுக்குத்தான் குடுப்பன்'னு. 'சரி, நீயாவது கெளம்பு'ன்னன். 'புள்ள பொறந்தப்புறம் வர்றனுங்க'ன்னா. எம்மேல கோவமாக்கூடச் சொல்லல. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா.

மாப்பிள்ளைதான் டிக்கெட்டை மாத்திக் குடுத்தான். பாவம், மூஞ்சி தொங்கிப் போச்சு அவனுக்கு. தாரணி, 'போகாதீங்கப்பா'ன்னா. மறுநாளும் சொன்னா. பொட்டி கட்டறப்பவும் வந்து நின்னு சொன்னா. ஆனா அது எந்த வீட்டுலதான் சொல்லமாட்டாங்க? விருந்தாளி கெளம்பினா, 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க'ன்னு சொல்லணும். சொல்லலைன்னாத்தான் தப்பு. அதைக் கேட்டுக்கிட்டு எவனாவது உக்காந்திருவானா? சோலி கெடக்குது, களத்துல தேங்காய் கெடக்குது, இன்னொரு தடவை வர்றன்னு நாமளும் சொல்லணும். சொன்னன்.

நவோமியம்மா வழிக்குக் கட்டிக் குடுத்துது. அவிச்ச முட்டை, அவிச்ச உருளைக்கிழங்கு, அந்தச் சதுர அப்பளம். உப்பே போடல. எனக்கு ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாதுன்னு சம்பூரணம் சைகையில சொல்லியிருப்பா போல. உப்பில்லாத உருளைக்கிழங்கை மனுசன் திம்பானா? பசிக்குத் தின்னன். வாசல்ல நின்னு என்னமோ சொல்லுச்சு. தாரணி அதைத் தமிழ்ல சொல்லல. நானும் கேட்டுக்கல.

தாரணிதான் காரோட்டிக்கிட்டு வந்தா. மாப்பிள்ளை வர்றன்னான், வேண்டாம்னுட்டா. ஸ்டியரிங் அவ வயித்துல இடிக்கற மாதிரி இருக்குது. சீட்டைப் பின்னால தள்ளி உக்காரு கண்ணுன்னன். தள்ளினா.

ஏர்போர்ட் வாசல்ல பொட்டியை எறக்கினன். போற போது பொட்டி கனம், வர்ற போது காத்தாட்டம் இருக்குது. அவ எறங்கி வந்து எதிர்ல நின்னா. அழுவான்னு நெனச்சன். அழல. வாத்தியாரு பாடஞ் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா.

'அப்பா, ஒன்னும் கொண்டு வராதீங்கன்னு சொன்னது மரியாதைக்குச் சொன்னதில்லைங்கப்பா. நெசமாத்தான் சொன்னன். கூட இருங்கன்னு சொன்னதும் மரியாதைக்கு இல்ல. நான் கேட்டது அது ஒன்னுதான். போகாதீங்கன்னு சொன்னனே, அதுவும் மரியாதைக்கு இல்லைங்கப்பா.'

பாக்கெட்டுல டிக்கெட்டு இருக்குது, பொட்டி கையில இருக்குது. பின்னால ஒருத்தன் ஹாரன் அடிக்கறான். 'சரி சாமி, நேரமாச்சு, நீ பார்த்துப் போ'ன்னன். ஊர்ல அவளை பஸ் ஏத்தி விடறப்பல்லாம் சொல்ற வார்த்தை, அதுதான் வாயில வந்துச்சு. அவ காரு போய் மறையற வரைக்கும் நின்னு பார்த்துட்டு உள்ள போலாம்னுதான் நெனச்சன், ஆனா காலு பாட்டுக்கு வாசலைப் பார்த்து நடந்துருச்சு.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கறன். அவ போகல தம்பி. வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு அங்கயே நிக்கறா. நான்தான் போய்க்கிட்டு இருக்கறன்.